பேர்வெட்டி

இந்தப் பட்டப்பெயர் எனக்கு வந்த கதையைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் காலத்தில் நான் எவ்வளவு பெரிய ஆள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அட்டன் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில், விமானக் கம்பெனி ஒன்றின் கிளை ஆபீஸ் இருந்தது. அதற்கு நான்தான் புக்கிங் கிளார்க். டைப் அடிப்பதும் நான், தரையைக் கூட்டிப் பெருக்குவதும் நான். யாராவது என்ன வேலை என்று கேட்டால் மட்டும், "ஏர்லைன்ஸில் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு டையைச் சரிசெய்துகொள்வேன். விமானத்தை நான் கீழே இருந்துதான் பார்த்திருந்தேன், அதுவும் மூடுபனி விட்ட நாட்களில்.

பிறந்தது அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில். அம்மா கொழுந்து பறிக்கிறவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து நாலு வார்த்தை இங்கிலீஷ் வாயில் ஏறியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்கு எழுதிப் போட்ட விண்ணப்பத்தில் "வசிப்பிடம்: அட்டன்" என்று எழுதினேன். அட்டனில் எனக்கு இருந்தது ஒரு பெட்டி வைக்கும் இடமும் ஒரு பாய் விரிக்கும் இடமும்தான். தோட்டத்து ஆட்கள் யாராவது தப்பித்தவறி மாடி ஏறி வந்தால், எங்கே நம்மை அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று பயந்து, கொழும்புக்காரன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவேன். "காலைத் துடைச்சிட்டு வாங்க" என்பேன். அவர்கள் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, வாசலோடு திரும்பிப் போவார்கள். உள்ளே இருந்த சோபாவில் வெள்ளைக்காரத் துரைமார் மட்டுமே உட்கார்ந்தார்கள்.

அந்தத் துரைமார்தான் எங்கள் பிழைப்பு. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொருவராகத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு ஜெட் விமானம் வந்துவிட்டது. எங்கள் கம்பெனியிடம் இருந்ததோ, யுத்த காலத்தில் சாமான் ஏற்றிக் களைத்துப்போன, விசிறி சுற்றுகிற மூன்று பழைய விமானங்கள். ஜெட்டில் ஒரு தரம் போய்வந்த துரை ஒருவர் எங்கள் சோபாவில் உட்கார்ந்து, "உங்கள் விமானத்தில் போனால் போய்ச் சேர்வதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிடும்" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்துவைத்தேன். அதற்குப் பிறகு அந்தச் சோபாவில் கடைக்காரரின் பூனை மட்டும்தான் படுத்தது.

அந்த வருஷங்களில் எங்களைவிடப் பெரிய கம்பெனிகளே ஆட்டம் கண்டன. எங்கள் கம்பெனியும் போய்விடும் என்று கொழும்பில் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் கம்பெனிக்குப் புது மனேஜர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான மனுஷர், எந்நேரமும் கையில் ஒரு குடை. ரயிலை விட்டு இறங்கி நேரே மாடிக்கு வந்தவர், சோபாவைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"திருச்சிக்குப் போற எங்கடை ப்ளேன் வெள்ளிக்கிழமையிலை முக்கால்வாசி வெறுமையாப் போகுது. இந்த மலையிலை திருச்சிப் பக்கத்துச் சனம் எவ்வளவு பேர் இருக்கினம்?"

"நிறைய இருக்காங்க சார். ஆனா எல்லாரும் தலைமன்னார் போயிக் கப்பல்லதான் போவாங்க. லேபர் சனம் சார், ப்ளேனெல்லாம் அவங்களுக்குப் பழக்கமில்ல."

"ஊரிலை தாய் தகப்பன் செத்தால்?"

"அப்பவும் கப்பல்தான் சார். போய்ச் சேர மூணு நாள் ஆகும்."

"மூண்டு நாளுக்குப் பிறகு போய் என்னத்தைப் பார்க்கிறது? எங்கடை ப்ளேனிலை எண்டால் பின்னேரத்துக்கு முதல் போய்ச் சேரலாம். இதை நீர் ஒருநாளும் யோசிக்கேல்லையோ?"

யோசிக்கவில்லை. என் சொந்தப் பாட்டனார் ஊரில் செத்தபோது, அம்மா ரயிலும் கப்பலும் பிடித்துப் போய்ச் சாம்பலைத்தான் பார்த்தார். அப்படியிருந்தும் யோசிக்கவில்லை. டை கட்டினால் கழுத்து மட்டுமல்ல, அதற்கு மேலே உள்ளதும் இறுகிப்போகும் போலிருக்கிறது.

போகும்போது மனேஜர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதத்துக்குள் திருச்சி விமானத்தில் பாதி இடமாவது மலைநாட்டு ஆட்களால் நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் விமானம் நிற்கும், அட்டன் ஆபீஸ் மூடப்படும், எனக்கும் வேலை இராது. டிக்கெட் நிபந்தனைகளையும் பயண விவரங்களையும் தமிழில் எழுதி, நோட்டீஸ் அடித்து, தோட்டம் தோட்டமாக ஒட்டச் சொன்னார். "நீர் அந்த இடத்துப் பிள்ளைதானே, உமக்குத் தெரியும்" என்றார். எனக்குக் காது சுட்டது. வசிப்பிடம் அட்டன் என்று எழுதியது அவரை ஏமாற்றவில்லை.

நோட்டீஸ் எழுதுவதென்றால் சும்மாவா? இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். அம்மா பேசுகிற தமிழில் எழுதினால் கம்பெனிக்கு மரியாதையா? "யாத்திரிகர்", "அசௌகரியம்", "சமுகமளித்தல்" என்று வார்த்தைகளைப் பொறுக்கிப் போட்டேன். நேரம் தப்பி வருகிறவர்களைப் பயணப் பட்டியலில் இருந்து நீக்கிவிடுவோம் என்று இங்கிலீஷில் ஒரு விதி இருந்தது. அதை அப்படியே அச்சொட்டாகத் தமிழில் போட்டு, எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று தடித்த எழுத்தில் அடிக்கச் சொன்னேன்: "குறித்த நேரத்தில் சமுகமளிக்காதோரின் பெயர்கள் வெட்டப்படும்." கீழே என் பதவியையும் போட்டுக்கொண்டேன். அச்சகத்தில் இருந்து மஞ்சள் காகிதத்தில் வந்ததும், முதல் பிரதியை நானே நாலு தரம் வாசித்தேன். என் தமிழில் எனக்கே மயக்கம்.

பூண்டுலோயாவில் இருந்து நல்லதண்ணி வரைக்கும் பஸ்ஸில் போய் ஒட்டினேன். அக்கரப்பத்தனைக்கு மட்டும் நான் போகவில்லை, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு தோட்டத்திலும் கண்டாக்கையாவைப் பார்த்தேன். வேலைக் காடுகளை மேற்பார்க்கிற அந்த உத்தியோகத்தரிடம் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசி, பெரட்டுக் களத்தில் ஒட்டுவதற்கு அனுமதி வாங்கிவிடுவேன். காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. தோட்டத்து உத்தரவுகளை ஒட்டும் சுவரும் அங்கேதான் இருந்தது. ஒரு சனமும் விடாமல் பார்க்கும் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

பார்த்தார்கள். அதற்குப் பிறகு என் மாடிப்படியில் ஒரு காக்கை குருவிகூட ஏறவில்லை.

அதற்கு முன்னால் வாரத்துக்கு இரண்டு பேராவது வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அதுவும் நின்றது. ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்த ஒரு பெரிய கங்காணி வந்து, "வேணாமுங்க, நான் கப்பல்லயே போயிக்கிறேன்" என்று டிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார். ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதமும் போனது. கீழே பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, "நம்ம சனங்களுக்கு முன்னேற்றமே புடிக்காது" என்று நான் பிரசங்கம் செய்தேன். அந்தக் கடைக்காரர் தன்பாட்டுக்குக் கிளாஸைக் கழுவினார். ராத்திரியில் பாயில் புரண்டுகொண்டு, வேலை போனால் எந்த முகத்தோடு லயத்துக்குத் திரும்புவது என்று நினைத்துக்கொண்டே கிடப்பேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

மூன்றாவது மாதம் மனேஜர் மறுபடியும் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷர் கத்தவில்லை. பெயர் இல்லாத பயணப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இங்கை இருந்து கதைச்சு வேலையில்லை. சனம் இருக்கிற இடத்துக்குப் போவம்" என்றார். பூண்டுலோயா பக்கம் போகலாம், காட்சி நன்றாக இருக்கும் என்றேன். "நாங்கள் காட்சி பார்க்கவோ போறம்? உம்மடை தோட்டத்துக்கு விடும்" என்றார்.

வாடகைக் காரில், விடிவதற்கு முன்னால் கிளம்பி, அக்கரப்பத்தனையில் நான் பிறந்த தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் போய் இறங்கினோம். கம்பளியும் கூடையுமாகச் சனம் நின்றது. என் டையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சுவரில் என் மஞ்சள் நோட்டீஸ் பளபளவென்று இருந்தது. மனேஜர் அதைக் குடையால் தொட்டுக் காட்டி, "இது எங்கடை கம்பெனி நோட்டீஸ். ஏன் ஒருத்தரும் வரேல்லை?" என்று மரியாதையாகவே கேட்டார்.

பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கேயாவது ஓடி ஒளியலாமா என்று இருந்தது.

"எப்பிடிங்க வருவாங்க? பேர வெட்டுவோம்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே!"

மனேஜருக்கு விளங்கவில்லை. "நேரத்துக்கு வராட்டி பட்டியலிலை பேரை எடுப்பம் எண்டுதான்..."

"பட்டியலோ கிட்டியலோ, எங்களுக்கு என்னங்க தெரியும்? தோட்டத்துல பேருன்னா வேலைங்க. காலையில பேரு குடுத்தாத்தான் சம்பளம். கொழுந்து கொறஞ்சா அரப்பேரு, பாதிச் சம்பளந்தான். பேர வெட்டிட்டாங்கன்னா வேலயும் போச்சு, லயத்துக் காம்பராவும் போச்சு, சட்டி பானையத் தூக்கிட்டுத் தெருவுலதான் நிக்கணும். ப்ளேனுல போனா பேர வெட்டுவாங்கன்னு இங்க பேசிக்கிறாங்க. பக்கத்துத் தோட்டத்துல ப்ளேனுல போகாட்டித்தான் வெட்டுவாங்களாம், அங்க ஒரே அழுகை. முன்னாடி ஓட்டு லிஸ்டுல எங்க பேரயெல்லாம் வெட்டினாங்க. எங்களுக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்த செக்ரோல் புஸ்தகத்துல இருக்கிற பேரு ஒண்ணுதாங்க. அதயும் வெட்டுறேன்னா எவன் வருவான்?"

களத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. எனக்கு இது தெரியாதா? பேர் என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டுதானே வளர்ந்தேன்! அரைப்பேர் விழுந்த அன்று அம்மா சாயங்காலம் யாரோடும் பேசமாட்டார். அந்த வீட்டுப் பிள்ளைதான் பேனாவைப் பிடித்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ஒரு மலை முழுக்கத் தடித்த எழுத்தில் கிலியை ஒட்டிவைத்திருந்தான்.

மனேஜர் என் பக்கம் திரும்பி, "இந்த அம்மா ஆர்? உமக்குத் தெரியுமோ?" என்றார்.

அந்த இடத்தில் நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் என்று தோன்றுகிறது. "தெரிஞ்சவங்க சார்" என்றேன்.

அம்மா கூடையை இறக்கிக் கீழே வைத்தார். "நாந்தாங்க இந்தப் பேர்வெட்டியப் பெத்தவ" என்றார்.

களம் முழுக்கச் சிரித்தது. கண்டாக்கையாகூடத் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம்தான் அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பூண்டுலோயா வரை போய்விட்டது. நோட்டீஸ்கூட அவ்வளவு வேகமாகப் போகவில்லை.

காரில் திரும்பும்போது, என் வேலை இந்த வளைவோடு போச்சு, அந்த வளைவோடு போச்சு என்று எண்ணிக்கொண்டு வந்தேன். தலவாக்கலை தாண்டியதும் மனேஜர், "பிழையிலை பாதி என்ரை. விதி இங்கிலீஷிலையும் பிழைதான்" என்றார். "அந்தச் சனத்துக்குப் பஸ் பிந்தும், ரயில் பிந்தும், மழையிலை மண் சரியும். பிந்தினால் பேரை எடுக்கிறதெண்டு கொழும்பிலை இருந்து எழுதினது ஆர்? நாங்கள்தானே. விதியை மாத்துவம்."

மாற்றினார். புது நோட்டீஸை அவர் என்னை எழுதவிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை லயத்துக்கு அனுப்பி, அம்மா சொல்லச் சொல்ல எழுதிவரச் சொன்னார். அம்மா ஒரு மணிநேரம் எனக்குத் தண்ணீர்கூடத் தராமல் நிற்கவைத்துவிட்டுப் பிறகுதான் சொன்னார். "திருச்சி ப்ளேனுக்கு அட்டன்ல பேர் போடுறோம். நேரத்துக்கு வர முடியாம போனா, அடுத்த ப்ளேன்ல ஒங்க பேரப் போடுவோம். யாரு பேரயும் வெட்ட மாட்டோம்." அவ்வளவுதான் நோட்டீஸ். யாத்திரிகரும் இல்லை, அசௌகரியமும் இல்லை.

கொழும்பில் டைரக்டர்மார் குதித்தார்களாம். வராதவனுக்கு இலவசமாக இன்னொரு இடம் கொடுத்தால் கம்பெனி விளங்குமா என்று கேட்டார்களாம். மனேஜர் அசையவில்லை. மூன்று விமானத்தில் ஒன்றை விற்று மற்ற இரண்டுக்கும் சாமான் வாங்கினார். ஜெட்டோடு போட்டி போட நினைக்காமல், ஜெட் இறங்காத இடங்களுக்கு மட்டும் பறக்கவைத்தார். என் சோபாவை விற்றுவிட்டு, சுவரோரம் நீளமான இரண்டு வாங்கு போட்டார். செருப்பில்லாத காலோடு வந்து உட்காரலாம் என்று ஆனதும், சனம் வந்து உட்கார்ந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சின்ன விமானம் என்பதால் ஆளையும் மூட்டையையும் நிறுத்துத்தான் ஏற்ற முடியும். அதற்கென்று ஒரு தராசை மாடியில் வைத்தார்கள். முதல் முதலாக அதில் ஏறி நின்ற கிழவி, மழையில் நனைந்த கம்பளியோடு என்னை முறைத்தாள்.

"ஈரத்துக்கு எவ்வளவு கழிச்சீங்க?"

"எதுக்கும்மா கழிக்கணும்?"

"கொழுந்து நிறுக்கிறப்ப ஈரத்துக்கும் கூடைக்கும் கழிக்கிறீங்கள்ல? இப்ப மட்டும் முழுசா எழுதுறீங்களே, இது என்ன நாயம்?"

நாற்பது வருஷமாகத் தராசில் தோற்றவள், ஒரு தரமாவது ஜெயிக்கட்டும் என்று மூன்று றாத்தல் கழித்தே எழுதினேன். விமானம் அதனால் விழுந்துவிடவில்லை.

பேர் வெட்ட மாட்டோம் என்று சொன்னதால் சனம் சாவகாசமாக வரும் என்றுதான் டைரக்டர்மார் பயந்தார்கள். நடந்தது நேர்மாறு. வெள்ளிக்கிழமை விமானத்துக்கு வியாழக்கிழமை காலையிலேயே கொழும்புப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் மூட்டையோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவரும் பிந்தியதாக நான் கேள்விப்படவில்லை. இருபத்தெட்டு இடமும் நிரம்பியது. பிறகு வாரத்துக்கு இரண்டு விமானம் ஆனது. சாவு வீட்டுக்குப் போய் முகம் பார்த்துவிட்டு வந்தவர்கள், ஆபீஸுக்கு வந்து வாங்கில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

கம்பெனி தப்பியது என்றுதான் நினைத்தோம். இரண்டாம் வருஷம் இன்னொரு அடி விழுந்தது. எண்ணெய் விலையும் இயந்திரச் சாமான் விலையும் ஏறி, ஆபீஸ் ஆட்களைக் குறைக்க வேண்டும் என்று டைரக்டர்மார் முடிவெடுத்தார்கள். வேலையில் இருக்கப்போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் தபாலில் வரும் என்று அறிவித்தார்கள். வெட்டுவதென்றால் மலைநாட்டில் இருக்கும் கிளார்க்கைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

பட்டியல் வந்தது. உறையைக் கிழித்தேன். மேலே இருந்து வாசிக்கவில்லை. நேரே அடிக்குப் போய்த் தேடினேன். கடைசியில் இருந்து மூன்றாவதாக என் பெயர் இருந்தது! துள்ளிக் குதித்துக்கொண்டு கீழே ஓடினேன். கடைக்காரருக்கு லட்டு, எதிர்த்த ஸ்டேஷன் போர்ட்டருக்கு லட்டு, பூனைக்கும் ஒரு துண்டு. மத்தியான பஸ்ஸைப் பிடித்து அக்கரப்பத்தனைக்குப் போய், "என் பேர வெட்டலம்மா!" என்று லயத்து வாசலில் நின்று கத்தினேன். "மத்தவங்க பேரெல்லாம் இருக்காடா?" என்று அம்மா கேட்டார். "இருக்கும்" என்றேன். பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில்தான் அந்தக் காகிதத்தை மேலே இருந்து வாசித்தேன். முதல் வரியில் இருக்க வேண்டிய பெயர் இல்லை. மறுபடி வாசித்தேன். மனேஜரின் பெயர் எங்கேயும் இல்லை.

அடுத்த வாரம் அவரே வந்தார். அதே குடை. வாங்கில் போய், இரண்டு கிழவர்களுக்கு நடுவில், தன் முறை வரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

"சார், லிஸ்டுல உங்க பேரு..."

"அதை நான்தான் எடுத்தனான். அஞ்சு கிளார்க்கை விடுறதோ, ஒரு மனேஜரை விடுறதோ எண்டு கேட்டினம். கணக்கு ஒண்டுதான். வெட்டமாட்டம் எண்டு சுவரிலை ஒட்டிப்போட்டு உம்மடை பேரை வெட்டினால், உம்மடை அம்மா என்னைச் சும்மா விடுவாவோ?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நன்றி என்றாவது சொல்லியிருக்கலாம். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

"வேண்டாம். திருச்சி ப்ளேன் பலாலியிலை இறங்கித்தானே போகுது? வெள்ளிக்கிழமை பலாலி மட்டும் எனக்கு ஒரு இடம் போடும். ஊருக்குப் போகப்போறன்."

புத்தகத்தைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை இருபத்தெட்டும் நிரம்பியிருந்தது. அதற்கடுத்த விமானமும் நிரம்பியிருந்தது. அவர் நிரப்பிய விமானத்தில் அவருக்கு இடம் இல்லை. "யாராவது ஒருத்தர மாத்திடுறேன் சார், சொன்னா கேட்டுக்குவாங்க" என்றேன்.

அவர் முகத்தில் முதல் தடவையாகக் கோபத்தைப் பார்த்தேன். "ஒருத்தற்றை பேரையும் தொடாதையும். இடம் இருக்கிற ப்ளேனிலை போடும்" என்றார். வாங்கில் இருந்த கிழவர்களுக்குத் தலையை ஆட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மூன்றாவது வாரத்து விமானத்தில் அவர் பெயரைப் போட்டேன். அன்றைக்கு அவர் இரத்மலானைக்கு வரவில்லை. காத்திருக்காமல் ரயிலிலேயே ஊருக்குப் போயிருப்பார். எங்கள் விதிப்படி அவர் பெயரை அடுத்த விமானத்துக்கு மாற்றி எழுதினேன். அதற்கும் வரவில்லை. மறுபடி மாற்றி எழுதினேன். அந்த ஆபீஸில் நான் இருந்த கடைசி வாரம் வரைக்கும், இருபத்தெட்டுப் பெயருக்கும் கீழே அவர் பெயரை எழுதிக்கொண்டே இருந்தேன். யார் இந்த ஆள், ஏன் இவர் பெயரை எடுக்கவில்லை என்று கொழும்பு ஆபீஸின் புது ஆட்கள் மூன்று தரம் கேட்டு எழுதினார்கள். இன்னும் வரவில்லை என்று பதில் போட்டேன்.